சென்னையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் மாலையையும் சனி, ஞாயிறையும் எப்படிக் கழிக்கிறார்கள்? டியூஷன் தவிர வேறு ஏதாவது உண்டா?

கேள்வியின் கடைசி வரியைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற அப்பாவோ அம்மாவோ. பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்திருக்கும்.

ஒரு வரியில் பதில் வேண்டுமானால், பெரும்பாலும் டியூஷன்தான். நாலு மணிக்குப் பள்ளி விடும், ஐந்தரைக்கு டியூஷன், எட்டரைக்கு வீடு. சனி, ஞாயிறு நீட் அல்லது ஜேஇஇ வகுப்பு. அதில் சேராத பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், கடற்கரை, கைப்பேசி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. வீட்டில் இடம் போதாத பிள்ளைகளுக்கு அது நல்லது.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் பெரியவன் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்த காலத்தில் அகப்பட்டவன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று வருடமும் தொடர்ந்து பொதுத்தேர்வு. 2018-ல் தொடங்கியதை இப்போது எடுத்துவிட்டார்கள், அவனுக்கு என்ன லாபம்? அந்த மூன்று வருடமும் அவன் ஒரு நாள் மாலைகூடத் தெருவில் நின்றதில்லை. வாசலில் காவல் இருந்தவள் நான்தான்.

சின்னவள் வேறு மாதிரி. அவளுக்குக் கேரம். உடனே சிரிக்காதீர்கள். நாங்கள் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. இந்தப் பக்கம் கேரம் என்பது மழைக்கு ஒதுங்கிய நேரத்தில் ஆடுகிற ஆட்டம் இல்லை. 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, பக்கத்துப் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். "பெண் பிள்ளையைக் கேரம் கிளப்புக்கா அனுப்புகிறாய்?" என்று கேட்ட என் கணவரின் அண்ணன், காசிமாவைச் செய்தித்தாளில் பார்த்த பிறகு, "நான் அப்போதே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டார். என்ன சொன்னார் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

கிளப் என்றால் ஒரே அறை. நான்கு போர்டு, ஒவ்வொன்றின் மேலும் தாழ்வாகத் தொங்கும் ஒரு விளக்கு. போரிக் பவுடர் பறந்துவிடும் என்று மின்விசிறியைக்கூட மெதுவாகத்தான் ஓட விடுவார்கள். நான் வெளிப்படியில் உட்கார்ந்து மறுநாள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். காய் பையில் விழும் சத்தத்தை வைத்தே என் மகள் அடித்ததா, எதிராளி அடித்ததா என்று இப்போது சொல்லிவிடுவேன்.

படிப்புக்கு நான் எதிரி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அவளும் நீட் வகுப்புக்குப் போகிறாள், அண்ணா நகருக்கு, கட்டணம் கட்டித்தான். போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அங்கே மாதிரித் தேர்வு. அதே நாள் மூன்று மணிக்கு இங்கே அவளுக்குக் கால் இறுதி. எதற்குப் போவது என்று என்னிடம் கேட்டாள். அதுவரை அவள் எதையும் என்னிடம் கேட்டு முடிவெடுத்தவள் இல்லை. நான் தேர்வுக்கு அழைத்துப் போனேன். டவர் பூங்காவில் மற்ற அம்மா அப்பாக்களோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றேகாலுக்கு கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. 720-க்கு 312 வாங்கினாள். திட்டவில்லை, அழவில்லை. ஸ்ட்ரைக்கரைப் பழைய காலுறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஒரு மாதம் போர்டு பக்கமே போகவில்லை. கடைசியில் நானே பரணிலிருந்து வீட்டுப் போர்டை இறக்கி, "எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன். என்னை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் 25-க்கு முடித்தாள். எனக்கு விரல் வீங்கிப்போனது.

வீட்டுக்குள் இடம் இல்லாததால் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் போட்டு ஆடினோம். அதற்கும் குடியிருப்புச் சங்கத்திலிருந்து அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்: சத்தமாம். செயலாளர் வீட்டுப் பையன் இரவு பத்தரை வரை கீபோர்டில் ஒரே நாலு சுரத்தை அடித்துக்கொண்டிருக்கிறான், அது மட்டும் சங்கீதம். மாதம் தவறாமல் பராமரிப்புப் பணம் கட்டுகிறேன், தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. போகட்டும், நீங்கள் கேட்டது அதுவல்ல.

இந்த ஞாயிறும் தேர்வு இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது. நல்லவேளை, ஆட்டம் ஆறரைக்குத்தான். அண்ணா நகரில் மெட்ரோ பிடித்து, சென்ட்ரலில் மாறி, வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் சரியாக இருக்கும் என்கிறாள். வழியில் சாப்பிட எலுமிச்சை சாதம் கட்டித் தரச் சொல்லியிருக்கிறாள். மெட்ரோவில் சாப்பிடக் கூடாது என்று எனக்கும் தெரியும். இறங்கி வெளியே வந்துதான் சாப்பிடுவாள்.