மெல்பேர்னில் மறுப்பு, கொழும்பில் பதற்றம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் மகனுக்குப் பாதுகாப்பு விசா (அகதியாகத் தங்க அனுமதிக்கும் விசா) மறுத்துவிட்டார்கள். இரண்டு கிழமை ஆகிறது. இன்னும் நேரம் இருக்கிறதா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

இருக்கிறது அம்மா, ஆனால் இன்றைக்கே மகனுக்குப் போன் எடுங்கள். மறுப்பை அறிவித்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் மீளாய்வு விண்ணப்பம் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போய்ச்சேர வேண்டும். குடிவரவுத் தடுப்பில் இருப்பவருக்கு அதைவிடக் குறைவு. கடிதம் மின்னஞ்சலில் வந்திருந்தால், அவர் திறந்து படித்த நாள் கணக்கில் இல்லை. அனுப்பிய நாள்தான் கணக்கு. இந்த வழக்குகளில் கெடுவை நீட்டத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே கிடையாது. விண்ணப்பிக்கும்போது கட்டணம் இல்லை, தோற்றால்தான். அதனால் காசு சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மறுத்த ஆட்களேதானே திரும்பவும் பார்க்கப் போகிறார்கள்?

இல்லை. மறுத்த உள்துறைத் திணைக்களம் வேறு, நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் வேறு. 2024 ஒக்டோபர் 14 முதல் பழைய நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் (ஏஏடி) இடத்தில் இயங்குவது இதுதான். அதன் உறுப்பினர் ஒருவர் முழு வழக்கையும் புதிதாகப் பார்ப்பார். விசாரணை மூடிய அறையில் நடக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. நம்பினால் வழக்கைத் திணைக்களத்துக்கே திருப்பி அனுப்புவார், விசா அங்கிருந்துதான் வரும்.

கேள்வி: கிராம சேவகரிடமும் ஜேபியிடமும் (சமாதான நீதவான்) கடிதம் வாங்கி அனுப்பச் சொல்கிறார் தம்பி. என்ன எழுதச் சொல்வது? (கொட்டாஞ்சேனை)

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புக்காக ஒருமுறை என் மேசைக்கு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்று ஊர், மூன்று முத்திரை. ஆனால் “உயிருக்கு ஆபத்து உள்ளதென உறுதிபடுத்துகிறேன்” என்ற வரி மூன்றிலும் ஒன்றே. விட்டுப்போன ‘ப்’ கூட அப்படியே. எனக்குத் தெரிந்தது தீர்ப்பாய உறுப்பினருக்குத் தெரியாதா? அவர் முன்னால் இலங்கை பற்றிய ஆஸ்திரேலிய வெளிவிவகாரத் திணைக்களத்தின் அறிக்கையும் இருக்கும். ஒரு பொய்க் கடிதம், தம்பி சொன்ன உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

முதலில் நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள். எத்தனை பேர் தேடி வந்தார்கள், யூனிபோமிலா சிவிலிலா, யாரைக் கேட்டார்கள். திகதி ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே எழுதுங்கள். தம்பியின் வாக்குமூலத்துக்குப் பொருந்தட்டும் என்று மாற்றாதீர்கள். அப்புறம் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், ஆஸ்பத்திரித் துண்டு ஆகியவற்றைத் தேடுங்கள். மடிந்து மஞ்சளான ஒரு துண்டு, பத்துப் புதுக் கடிதங்களைவிடப் பேசும்.

கேள்வி: அண்ணா, தன்னைப் பிடித்துவைத்து அடித்ததை முதல் நேர்காணலில் சொல்லவில்லை. இப்போது சொல்லலாமா?

சொல்ல வேண்டும் தங்கச்சி. ஆனால் திணைக்களத்திடம் சொல்லாததைப் புதிதாகச் சொல்லும்போது, ஏன் சொல்லவில்லை என்பதற்கு நியாயமான காரணம் இல்லையென்றால், நம்பகத்தன்மையைக் குறைத்தே பார்க்கச் சட்டம் சொல்கிறது. வெட்கம், மொழிபெயர்ப்பாளர் மேல் பயம், நினைத்தாலே உடம்பு நடுங்குவது எல்லாம் உண்மையான காரணங்கள். உளவியலாளரின் அறிக்கையோடு, விசாரணைக்கு முன்பே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். இவ்வளவு காலம் மனதுக்குள் வைத்திருந்தாரே என்று கோபிக்காதீர்கள்.

கேள்வி: தீர்ப்பாயத்திலும் தோற்றால்?

35 நாட்களுக்குள் பெடரல் சர்கிட் மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே சட்டப் பிழை இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். “எனக்கு ஆபத்து” என்ற கதையைத் திரும்பக் கேட்கமாட்டார்கள். கதையை முழுதாகச் சொல்லக் கிடைக்கும் இடம் தீர்ப்பாயம்தான்.