வெல்டிங் செய்த இரவில் வரும் காய்ச்சல்

கேள்வி: எனக்கு 34 வயது. சுன்னாகத்தில் ஒரு பட்டறையில் கேற், கிறில் ஒட்டுகிறேன். ஜீ.ஐ. பைப் ஒட்டின நாட்களில் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது, வாயெல்லாம் ஒரு மாதிரி இனிக்கிறது. அடுத்த நாள் சுகம். லீவு முடிந்து போகிற முதல் நாள்தான் கூட, பிறகு உடம்பு பழகிவிடும். பால் குடித்தால் சரி என்கிறார் முதலாளி. நனோ துணிக்கைகள் கலங்களை அழிக்கும் என்று போனில் ஒரு செய்தி வந்ததில் இருந்து மனைவி பயந்துபோய் இருக்கிறா. உண்மையா, டொக்டர்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பது உலோகப் புகைக் காய்ச்சலின் அடையாளங்கள். மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நனோ என்ற பெயரைக் கேட்டதும் எல்லாவற்றுக்கும் பயப்படத் தேவையில்லை. வெயிலுக்குப் பூசும் கிறீமில் உள்ள ரைற்றேனியம் துணிக்கைகள் காயமில்லாத தோலின் மேற்படையோடு நின்றுவிடும். மூச்சோடு உள்ளே போவதுதான் சிக்கல்.

ஜீ.ஐ. பைப்பின் மேல் நாகப் (சிங்க் என்ற உலோகம்) பூச்சு இருக்கிறது. நாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும், உருக்கு உருகுவதற்கோ 1,500 பாகை அளவு வேண்டும். ஆகவே நீங்கள் இரும்பை உருக்க முன்னமே நாகம் ஆவியாகி, காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து வெள்ளைப் புகையாக எழும்புகிறது. அந்தப் புகையில் உள்ள துணிக்கைகளில் மிகப் பல 100 நனோமீற்றருக்கும் சிறியவை (ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர்). மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் அகப்படாமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போய்விடும்.

கற்கண்டைக் கட்டியாகப் போட்டால் மெல்லக் கரையும், இடித்துப் போட்டால் உடனே கரையும் அல்லவா? உலோகமும் அப்படித்தான். அதே அளவு உலோகம் தூளாகத் தூளாக அதன் மேற்பரப்பு பெருகும், கலத்தோடு தாக்கம் புரியும் இடமும் பெருகும். காற்றுப்பையில் காவல் நிற்கும் விழுங்கு கலங்கள் இந்தத் துணிக்கைகளைப் பிடித்துத் தங்கள் அமிலப் பைக்குள் போடுகின்றன. கிருமியென்றால் அங்கே செத்துப்போகும். நாகமோ கரைந்து, கலத்தின் சக்தி நிலையமான இழைமணியைக் குழப்புகிறது. இரும்புத் துணிக்கை இன்னொரு வேலை செய்யும்: கலத்தில் இயல்பாக உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டோடு சேர்ந்து, ஐதரொட்சில் என்ற மிகக் கொடிய மூலிகத்தை, அதாவது எதனோடும் உடனே தாக்கம் புரியும் நிலையற்ற பொருளை, உருவாக்கும். அது கலமென்சவ்வின் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று கிட்ட உள்ள எதையும் தாக்கும். இவற்றை அடக்குவதற்கு நம் கலத்தில் குளூற்றாதயோன் என்ற பொருள் இருக்கிறது. அது தீர்ந்துபோகும் அளவுக்கு மூலிகங்களின் வரவு கூடினால், அதைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம்.

அழுத்தம் கூடியதும் கலம் அபாயச் செய்தி அனுப்புகிறது. இன்ரலூக்கின் 6 போன்ற புரதங்கள் இரத்தத்தில் பரவி, வெள்ளணுக்களை நுரையீரலுக்கு அழைக்கும், மூளைக்குப் போய் உடல் வெப்பத்தையும் ஏற்றும். உங்கள் நடுக்கம் அதுதான். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து வருவதற்கும் இதுவே காரணம். வந்த வெள்ளணுக்கள் தாமும் அதே தீய மூலிகங்களைக் கக்குவதால், நாள்தோறும் புகை பட்டால் அழற்சி ஆறாமலே கிடக்கும்.

பழகிவிடுகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. பழகுவது காய்ச்சல் மட்டும். புகை உள்ளே போவது நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. வெல்டிங் செய்வோருக்கு நியூமோனியாவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஒட்டுவதானால் குரோமியமும் சேரும், இன்னும் கவனம் வேண்டும்.

பால் குடியுங்கள், நல்ல உணவு. ஆனால் அது வயிற்றுக்குப் போகிறது. புகை போனது நுரையீரலுக்கு.

செய்ய வேண்டியது முகத்தைப் புகையில் இருந்து விலக்குவது. குனிந்து நேர் மேலே தலையை வைத்து ஒட்டாதீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் வேலையை வெளியே எடுத்து, காற்று பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள். முதுகுப் பக்கம் காற்று அடித்தால் புகை முகத்துக்கு முன்னாலேயே சுழலும். ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு நாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள், அதையும் முகக்கவசத்தோடுதான். கைலேஞ்சி கட்டுவது வீண். N95 என்று எழுத்துப் போட்ட கவசம், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால், நனோ துணிக்கைகளையும் பிடிக்கும். சிகரெட் பிடிப்பவரானால் அதை முதலில் விடுங்கள். வேலை உடுப்பைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள்.

ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் செய்வது நல்லது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்னொன்று. புகைக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் விடவேண்டும். மாரி காலத்தில் அதற்கு மேல் நீடித்தால் புகைதான் என்று இருந்துவிடாதீர்கள், டெங்குவாக இருக்கலாம். புரூஃபன், டைக்ளோபெனக் வேண்டாம், பனடோல் மட்டும் போட்டு, இரத்தத்தில் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.