வேலை போன பிறகு "மனசைக் கட்டுப்படுத்து" என்கிறார்களே, அதனால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வியில் நீங்கள் எழுதியது இது: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை போய் இரண்டு மாதம். வீட்டுக்கடன் தவணை ஓடுகிறது. சேலத்தில் இருக்கும் பெற்றோருக்கு இன்னும் தெரியாது. நண்பர்கள் "மனசைக் கட்டுப்படுத்து, எல்லாம் சரியாகிடும்" என்கிறார்கள்.

பயன் உண்டு. ஆனால் நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் அடக்குவதைத்தான், அது வேறு சமாசாரம். உள்ளே குமுறிக்கொண்டு முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்திருப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் 1990களிலிருந்தே இதைக் காட்டுகின்றன: முகபாவத்தை அடக்கினாலும் உள்ளே இருக்கும் துயரம் குறைவதில்லை, இதயமும் ரத்தக்குழாய்களும் கூடுதலாகப் பாடுபடுகின்றன, அந்த நேரத்தில் கேட்டது சரியாக நினைவில் நிற்பதில்லை. இன்டர்வியூவில் பதற்றத்தை மறைப்பதிலேயே கவனம் போனால், கேட்ட கேள்வியில் பாதி காதில் விழாது.

முதலில் உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் "டென்ஷன்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து இருக்கும். தவணை கட்ட முடியுமா என்பது பயம். பழைய மேனேஜர் மேல் இருப்பது கோபம். அம்மாவிடம் சொல்லத் தயங்குவது அவமானம். பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று தெரியும். பயத்துக்குக் கணக்கு நோட்டு வேண்டும். அவமானத்துக்கு நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது வேண்டும். கோபத்துக்கு, ராத்திரி பதினொரு மணிக்கு எச்ஆருக்கு மெயில் அனுப்பாமல் இருப்பதே பாதி வைத்தியம். உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது மூளையில் பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு தணிவதை உளவியலாளர் லீபர்மேனின் குழு 2007இல் ஸ்கேனில் பார்த்தது.

நெஞ்சு படபடக்கும்போது யோசனை எதுவும் வேலை செய்யாது, மூச்சுதான். மூக்கால் இழுங்கள், அதன்மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு, பிறகு வாயால் மெதுவாக, நீளமாக விடுங்கள். தினம் 5 நிமிடம். 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் ஒரு மாதம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிட நன்றாகவே முன்னேறியது. தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ வேகமாகச் செய்கிறீர்கள் என்று பொருள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் அப்படி ஆகும். நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

அடுத்தது எழுதுவது. 1994இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வேலையிழந்த பொறியாளர்கள் தினம் 20 நிமிடம், தொடர்ந்து ஐந்து நாள், அந்த இழப்பைப் பற்றி மனம்விட்டு எழுதினார்கள். எழுதாதவர்களைவிட இவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவில்லை! பழைய நிறுவனத்தின் மீதான கசப்பு இன்டர்வியூவில் எட்டிப் பார்க்காதது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தமிழோ தங்கிலீஷோ, பிழை பார்க்க வேண்டாம், யாரும் படிக்கப் போவதில்லை. எழுதி முடித்த உடனே மனசு கொஞ்சம் கனக்கும், எனவே படுக்கும் முன் வேண்டாம். மூன்றாம் நாளும் அதே நாலு வரியே சுற்றிச் சுற்றி வந்தால் விட்டுவிடுங்கள். அது செக்கு மாடு, எழுத்து இல்லை.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "எல்லாம் நன்மைக்கே" என்று வேறு கோணத்தில் பார்ப்பது, கை மீறின விஷயத்துக்குத்தான் மருந்து. ஆட்குறைப்பு நடந்து முடிந்தது, அதை மாற்ற முடியாது, அங்கே இந்தப் பார்வை ஆறுதல் தரும். ஆனால் கைக்குள் இருக்கும் பிரச்சினைக்கும் அதையே தடவினால் நிலைமை மோசமாகும். டிராய், ஷால்கிராஸ், மாஸ் என்ற உளவியலாளர்களின் 2013 ஆய்வில், மாற்றக்கூடிய நெருக்கடியில் இருந்தவர்களில் இப்படி வேறு கோணத்தில் பார்க்கும் திறமை அதிகம் உள்ளவர்களிடமே மனச்சோர்வும் அதிகமாக இருந்தது. தவணை உங்கள் கைக்குள் இருக்கும் விஷயம். அங்கே பயத்தைத் தணித்துவிடாதீர்கள், அது உங்களை பேங்க் வரை நடக்க வைக்கட்டும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே போய் மறுசீரமைப்புக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெற்றோருக்குச் சொல்வதும் அதே கணக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் "வேலை எப்படிப்பா போகுது?" என்று கேட்கும்போது தடுமாறாமல், நீங்களே ஒரு நாள் குறித்து, நடந்தது என்ன, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், அடுத்து என்ன செய்கிறீர்கள் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் விஷயத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர்கள் பயமும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மேலே சொன்னவை மட்டும் போதாது, ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.