தூங்குகிறவரின் விரல்

கேள்வி: என் மனைவி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். ஆறு மாதமாக ராத்திரி பதினொரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறாள். பேட்டர்னையும் மாற்றிவிட்டாள். ஒருநாள் அவள் தூங்கும்போது விரலை வைத்துத் திறந்து, அவள் வாட்ஸ்அப்பை என் லேப்டாப்பில் இணைத்துவிட்டேன். மூன்று வாரமாகப் படிக்கிறேன். கூட வேலை செய்யும் ஒருவரிடம் தினமும் பேசுகிறாள், தப்பாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சில மெசேஜ்களை அழித்திருக்கிறாள். அழித்ததை எடுக்க ஒரு ஆப் இருக்கிறதாம், போடலாமா? போன் நான் வாங்கிக் கொடுத்தது, சிம்மும் என் பெயரில்தான். தெரியாமல் பதிவு செய்தாலும் கோர்ட்டில் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாமே?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: போடாதீர்கள். அதற்கும் முன்னால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், லேப்டாப்பில் திறந்திருக்கும் அவருடைய வாட்ஸ்அப்பை லாக்-அவுட் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் தூங்குகிறவரின் விரலை எடுத்து போன்மேல் வைத்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். நாள் முழுக்க சாம்பிள், ஷிப்மென்ட் என்று அலைந்துவிட்டு, பக்கத்தில் புருஷன் இருக்கிறான் என்ற தைரியத்தில் அசந்து தூங்குகிற பெண். அந்தத் தூக்கத்தை வைத்துத்தான் பூட்டைத் திறந்தீர்கள். இது தெரியவந்த பிறகு உங்கள் பக்கத்தில் அவரால் அப்படித் தூங்க முடியுமா? தெரியாமலே போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்று ஒரு பகுதி உண்டு, எந்தக் கருவி இணைந்திருக்கிறது, கடைசியாக எப்போது பயன்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏதோ ஒரு நாள் அதைத் திறப்பார்.

சரி, மூன்று வாரம் படித்தீர்கள், தப்பாக ஒரு வார்த்தை இல்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, அடுத்து ஒரு ஆப் கேட்கிறீர்கள். ஏதாவது கிடைத்தால் அவர் தப்பு செய்கிறார், கிடைக்காவிட்டால் அழித்துவிட்டார், இந்தக் கணக்கில் உங்கள் மனைவி எப்படித்தான் தப்பிப்பார்? அழித்ததை மீட்டு அதிலும் ஒன்றும் இல்லை என்றால், போனில் பேசியிருப்பார்கள் என்று தோன்றும், அதன்பின் ஆபீஸ் வாசலில் போய் நிற்கத் தோன்றும். மெசேஜை எதற்கெல்லாமோ அழிக்கிறோம். எழுத்துப்பிழைக்கு, கோபத்தில் எழுதியதற்கு, வீட்டுக் கவலையைக் கொட்டிவிட்டு வெட்கப்பட்டதற்கு. அந்த வீட்டுக் கவலை நீங்களாகவும் இருக்கலாம். இன்னொன்றும் யோசியுங்கள். இந்த மூன்று வாரத்தில் அவர் அக்காவும் அம்மாவும் சிநேகிதிகளும் அவரிடம் மட்டும் சொன்னதை எல்லாம் நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சட்டத்துக்கு வருகிறேன், அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் தீர்ப்பு 2025 ஜூலை 14-இல் வந்தது. பஞ்சாப் பக்கத்து வழக்கு. கணவர் தன் மனைவியோடு தானே பேசிய போன் பேச்சுகளைப் பதிவு செய்திருந்தார், விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது சுப்ரீம் கோர்ட். மனைவி மற்றவர்களுக்கு எழுதுவதைத் திருட்டுத்தனமாகப் படிக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால், அந்தத் திருமணம் ஏற்கெனவே உடைந்திருப்பதன் அறிகுறி அது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதற்கு முன், 2024 அக்டோபரில், பரமக்குடியிலிருந்து வந்த ஒரு வழக்கில் மனைவிக்குத் தெரியாமல் அவருடைய போன் அழைப்பு விவரங்களை எடுத்து நீட்டிய கணவருக்கு, கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, இப்படி எடுத்ததை ஏற்க முடியாது என்று சொன்னது நம் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைதான். அப்புறம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புகளை ஒரு ஆண் கண்காணித்தால், முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை. கணவனுக்கு மட்டும் விலக்கு என்று அதில் எழுதவில்லை. போன் வாங்கிக் கொடுத்தேன் என்கிறீர்கள். அவருக்குச் சேலைகூட வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

அந்த ஆப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஆப்கள் பலவற்றைப் போட, முதலில் போனின் பாதுகாப்பு அமைப்புகளை அணைக்கச் சொல்வார்கள். அதன்பின் உங்கள் மனைவியின் படங்கள், உங்கள் பிள்ளையின் படங்கள், மெசேஜ்கள் எல்லாம் முகம் தெரியாத ஒருவனுடைய சர்வருக்குப் போகும். அமெரிக்காவில் ‘ஸ்பைஃபோன்’ என்ற நிறுவனத்தின் சர்வரில் 2018-இல் ஒரு ஹேக்கர் புகுந்து, சுமார் 2,200 பேரின் தகவல்களை எடுத்துவிட்டான். 2021-இல் அந்த நிறுவனம் இந்தத் தொழிலே செய்யக் கூடாது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் தடை போட்டது. உங்கள் சந்தேகத்துக்காக அவர் அந்தரங்கத்தைத் தெருவில் வைக்கப் போகிறீர்களா?

அவர் உத்தமி என்று நான் சான்றிதழ் தரவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? திருப்பூரில் ராத்திரி பத்து மணி என்றால் கோடையில் நியூயார்க்கில் பகல் பன்னிரண்டரை, ஆர்டர் கொடுக்கும் பையர் அப்போதுதான் பேசுவார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் மனசு உறுத்துகிறது என்றால் அந்த உறுத்தல் சரியாகவே இருக்கலாம். ஆறு மாதத்தில் ஒரு தடவையாவது அவரிடம் நேராகக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஒரு ஞாயிறு பகலில் உட்காருங்கள். முதலில் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள், விரல், லேப்டாப், மூன்று வாரம், ஒன்றையும் மறைக்காமல். பிறகு, “நீ என்னைவிட்டு விலகிப் போகிற மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, அந்த ஆளைப் பற்றிக் கேளுங்கள். ஆமாம் என்றே சொல்லட்டும், அதைத் தாங்க வேண்டியிருக்கும். கள்ள உறவு 2018-க்குப் பிறகு குற்றமில்லை, ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக இன்றும் செல்லும், வழக்கறிஞரைப் பார்க்கலாம். இல்லை என்று சொன்னால் நம்பப் பாருங்கள், முடியவில்லை என்றால் அவரை விட்டுவிட்டு நீங்கள் ஒரு மனநல ஆலோசகரிடம் போங்கள். எதுவானாலும் அன்று அவருக்குக் கோபம் வரும். நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பார். போகட்டும், எங்கே இருக்கிறாய் என்று மணிக்கொரு தடவை கூப்பிடாதீர்கள்.