ஃபார்மல் போட்டால் "இன்டர்வியூவா?", சுடிதார் போட்டால் "கோயிலுக்கா?"

கேள்வி: வயது 22, செய்யாறு பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். படித்த இன்ஜினியரிங் காலேஜில் சுடிதார் மட்டும்தான், ஷாலை இரண்டு பக்கமும் பின் குத்தியிருக்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்காக அப்பா கடன் வாங்கி நாலு செட் ஃபார்மல் எடுத்துக் கொடுத்தார். இப்போது சோழிங்கநல்லூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே டீம் லீடே ஜீன்ஸ், டி-ஷர்ட்டில்தான் வருகிறார். நான் ஃபார்மலில் போனால் "இன்னைக்கு இன்டர்வியூவா?" என்கிறார்கள். சுடிதார், ஷாலோடு போனால் "கோயிலுக்கா?" போன வாரம் ரூம்மேட்டின் ஜீன்ஸைப் போட்டுப் போனேன். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் அந்த போட்டோவைப் பார்த்த சித்தி, அம்மாவுக்கு போன் போட்டுப் பேசிவிட்டார். ஆபீஸ் மெயிலில் 'பிசினஸ் கேஷுவல்' என்று மட்டும் இருக்கிறது. சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகிறது. நான் என்னதான் போடுவது?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். இந்த மாதம் புதுத் துணி எதுவும் வாங்க வேண்டாம். ரூம்மேட் சொன்னாலும் சரி, டீமில் யார் கிண்டல் செய்தாலும் சரி. அப்பா எடுத்துக் கொடுத்த நாலு செட்டும் காலேஜ் சுடிதார்களும் இருக்கின்றனவே, அதை வைத்தே தாராளமாகச் சமாளிக்கலாம்.

பிசினஸ் கேஷுவல் என்றால் கோட்டு, டை கட்டாயமில்லை, அதற்காக வீட்டில் போடுகிற துணியோடும் வர வேண்டாம், அவ்வளவுதான். நம் ஊர் ஆபீஸ்களில் பெண்களுக்குக் குர்த்தி, சுடிதார், புடவை, சட்டை-பேன்ட் எல்லாமே இதற்குள் அடங்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்: இன்ஃபோசிஸ் 2015-லேயே வாரம் முழுக்க கேஷுவல் போடலாம் என்று விட்டுவிட்டது, டிசிஎஸ் 2023 அக்டோபரில் எல்லோரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டபோது திங்கள் முதல் வியாழன் வரை பிசினஸ் கேஷுவல், வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் தளர்வு என்று நினைவுபடுத்தியது. உங்கள் கம்பெனியில் எப்படி என்று எச்ஆருக்கு ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்கள். "ஜீன்ஸ் எல்லா நாளும் போடலாமா, கிளையன்ட் வரும் நாளில் என்ன போட வேண்டும்?" இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, தினமும் காலையில் பீரோ முன்னால் நின்று குழம்புவதற்கு இது எவ்வளவோ மேல். சுடிதார் என்றால் ஏதோ பட்டிக்காட்டு உடை என்கிற மாதிரி யாராவது பேசினால் அதை மனதில் ஏற்றிக்கொள்ளவே வேண்டாம். தமிழ்நாட்டின் தலைமைச் செயலகத்துக்கு 2019-ல் போட்ட உடை உத்தரவிலேயே பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்றுதான் இருக்கிறது.

இந்த கேஷுவல் எப்படி வந்தது என்றும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் தயக்கம் பாதி குறையும். ஹவாயில் 1962-ல் சட்டை தயாரிப்பாளர்கள் சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பூப்போட்ட சட்டை கொடுத்தார்கள். 1966-ல் வெள்ளிக்கிழமைகளில் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் வழக்கம் அங்கே வந்தது. பிறகு 1992-ல் ஜீன்ஸ் விற்கிற லீவைஸ் கம்பெனி, ஆபீஸுக்கு எப்படி கேஷுவலாக உடுத்துவது என்று ஒரு கையேடு போட்டு அமெரிக்காவில் சுமார் 25,000 எச்ஆர் மேனேஜர்களுக்கு அனுப்பியது. ஆபீஸுக்குப் போடுகிற மாதிரியான காக்கி பேன்ட்டை அவர்களே டாக்கர்ஸ் என்ற பெயரில் 1986 முதல் விற்றுக்கொண்டிருந்தார்கள். கருநிற சூட்டுக்கும் வெள்ளைச் சட்டைக்கும் பேர்போன கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம் 1995-ல் இறங்கி வந்தது, அமெரிக்க வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் 2019-ல். ஆக, இது ஏதோ தானாக வீசிய சுதந்திரக் காற்று என்று நினைத்துவிடாதீர்கள், துணி விற்கிறவர்களின் கையும் இதில் நிறையவே இருக்கிறது.

நல்ல காரணங்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஜப்பான் அரசு 2005-ல் கோடையில் ஏசியை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டு டையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று சொன்னது மின்சாரத்தை மிச்சப்படுத்த. சித்திரை வெயிலில் ஓஎம்ஆரில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கு பாலியஸ்டர் ஃபார்மல் சட்டையைவிட காட்டன் குர்த்தி எவ்வளவு நிம்மதி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு மனது கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆபீஸில் எல்லோரும் ஃபார்மல்தான் என்று இருந்தபோது விதி எழுத்தில் இருந்தது. மூன்று சட்டை, இரண்டு பேன்ட், அயர்ன் செய்து மாற்றி மாற்றிப் போட்டால் போதும், யார் வீட்டில் எவ்வளவு பணம் என்று சட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்போது "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்கள், விதி மட்டும் போகவில்லை, எழுத்திலிருந்து ஆட்களின் பார்வைக்குப் போய்விட்டது. ஷூவின் பிராண்ட் என்ன, ஜீன்ஸ் என்ன ஃபிட், கைப்பை எங்கே வாங்கியது என்று கண்ணாலேயே அளக்கிறார்கள். சிட்டியில் வளர்ந்து, காலேஜிலேயே ஜீன்ஸ் போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்த பாடம். நாலு வருஷம் ஷாலில் பின் குத்தியிருக்கிறதா என்று வாசலில் நிறுத்திப் பார்த்த காலேஜிலிருந்து வருகிற உங்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட்டுக்குத் தடை போட்டது, அந்தப் பழக்கம் இன்னும் எத்தனையோ இன்ஜினியரிங் காலேஜ்களில் தொடர்கிறது. அங்கே அப்படி அடைத்து வளர்த்துவிட்டு, இங்கே வந்த முதல் வாரமே "ஃப்ரீயா இருங்க" என்றால் எப்படி? உங்கள் தடுமாற்றத்தில் உங்கள் தப்பு துளிகூட இல்லை.

சரி, கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? நாலு செட்டையும் செட்டாகப் போடுவதை நிறுத்திவிட்டுப் பிரித்துப் போடுங்கள். கறுப்பு, நேவி ப்ளூ பேன்ட் இருந்தால் அதுதான் உங்கள் மூலதனம், அதன்மேல் குட்டைக் குர்த்தி எது போட்டாலும் பொருந்தும். ஃபார்மல் சட்டையை இன் பண்ணாமல் கையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை மடித்துவிட்டுப் போட்டால் அதே சட்டை வேறு மாதிரி ஆகிவிடும். காலேஜ் சுடிதாரின் டாப்பை மட்டும் எடுத்து, நீளம் அதிகமென்றால் தெருமுனை டெய்லரிடம் குறைத்துக்கொள்ளுங்கள். ஷாலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; பின்னைக் கழற்றிவிட்டுப் பையில் வையுங்கள், மத்தியானத்துக்கு மேல் ஆபீஸ் ஏசியில் விறைக்கும்போது டி-ஷர்ட் போட்டவர்களே உங்களிடம் கேட்பார்கள். ஒரு முழு செட் மட்டும் அயர்ன் செய்து தனியாகத் தொங்கட்டும். "நாளைக்கு கிளையன்ட் விசிட், எல்லோரும் ஃபார்மலில் வரவும்" என்று முந்தின நாள் சாயங்காலம் மெயில் வரும். அன்றைக்கு டீமே சட்டை தேடி ஓடும்போது நீங்கள் ஓட வேண்டாம்.

ரெண்டு மூணு மாதம் கழித்து, உங்களுக்கே ஆசை இருந்தால், கிழிசல் இல்லாத அடர்நீல ஜீன்ஸ் ஒன்று வாங்குங்கள். மால் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் போங்கள். போட்டுப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து பார்த்து வாங்குங்கள்.

"இன்டர்வியூவா?" என்று கேட்பவர்களிடம் "இல்லப்பா, எனக்கு இதுதான் வசதியா இருக்கு" என்று ஒரு தரம் முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ஆனால் பேச்சு துணியிலிருந்து உங்கள் உடம்புக்குத் தாவினால், கழுத்து, டைட், ஃபிகர் என்று யாராவது ஆரம்பித்தால், அதைக் கிண்டல் கணக்கில் சேர்க்காதீர்கள். 2013-ஆம் வருஷச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள் குழு இருந்தாக வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தேதியையும் சொன்ன வார்த்தையையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். நீங்கள் என்ன உடுத்தியிருந்தீர்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை.

அப்புறம் சித்தி. ஸ்டேட்டஸை மறைத்து வைப்பது, ஊருக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் உடை மாற்றிக்கொள்வது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம், பயம்தான் வளரும். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, "என் ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தாம்மா வர்றாங்க, நானும் சில நாள் போடுவேன்" என்று நீங்களே சொல்லுங்கள். டீமோடு எடுத்த போட்டோவையும் அனுப்புங்கள். அம்மாவுக்கு உங்கள் வாயால் முதலில் தெரிந்திருந்தால், அடுத்த தடவை சித்திக்கு அம்மாவே பதில் சொல்லிக்கொள்வார்.