யோசேப்பு எப்போது மன்னித்தான்?

அன்புள்ள ஐயா,

நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா இறந்த பிறகு என் அண்ணன்கள் இருவரும் "பட்டா மாற்றணும்" என்று சொல்லி ஒரு பத்திரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அது என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்பது, போன வருஷம் அவர்கள் வீட்டை விலை பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது பெரியண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் சபையில் போதகர் வேதாகமத்தில் வரும் யோசேப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். "குழியில் தள்ளிய அண்ணன்களையே அவன் கட்டிப்பிடித்து அழுதானே, நம்மால் முடியாதா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரியே இருந்தது. என்னால் முடியவில்லை. என் விசுவாசம் அவ்வளவுதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் போதகர் சொன்ன காட்சி ஆதியாகமம் 45ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முந்தைய மூன்று அதிகாரங்களைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் ஓட்டமாகக் கடந்துவிடுவார்கள். அவற்றை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பழக்கமான யோசேப்பு அங்கே இல்லை.

முதலில் வருஷக் கணக்கைப் பார்த்துவிடலாம். தோத்தான் என்ற இடத்தில் அண்ணன்கள் அவனைக் குழியில் போடும்போது அவனுக்கு 17 வயது. பிறகு எகிப்துக்குப் போகிற வியாபாரிகளிடம் விற்றார்கள், விலை 20 வெள்ளிக்காசு. எகிப்திய மன்னன் பார்வோன் முன்னால் போய் நிற்கும்போது 30. அதன்பின் விளைச்சல் மிகுந்த ஏழு வருஷம், பஞ்சத்தில் இரண்டு வருஷம். ஆக, அண்ணன்களைக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்குச் சுமார் 39 வயது. இடையில் போனது 22 வருஷம். அதில் கடைசி ஒன்பது வருஷம் அவன் எகிப்து தேசத்துக்கே அதிகாரி. "உயிரோடு இருக்கிறேன்" என்று தகப்பனுக்கு ஓர் ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. தகப்பன் இருந்த எபிரோனுக்கு ஆறு நாள் பயணம்தானே, ஒரு கடிதம்கூட ஏன் எழுதவில்லை என்று 13ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் நக்மானிடிஸ் கேட்டிருக்கிறார். அண்ணன்கள் தன்னை வணங்குவதாகச் சிறுவயதில் கண்ட கனவுகள் நிறைவேறட்டும் என்று காத்திருந்தான் என்பது அவர் தரும் விளக்கம். எனக்கு அது ஒட்டவில்லை. அந்த வீட்டை நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் அண்ணன்கள் தானியம் வாங்க வருகிறார்கள். அவனுக்கு அடையாளம் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டானா? "நீங்கள் வேவுகாரர்" என்று சீறி, மூன்று நாள் காவலில் வைக்கிறான். பேச்செல்லாம் துபாசி (மொழிபெயர்ப்பாளர்) வழியாக நடப்பதால், இவனுக்குத் தங்கள் மொழி தெரியாது என்று நினைத்து அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். தம்பி நம்மைக் கெஞ்சினானே, அவன் பட்ட வேதனையைக் கண்ணால் பார்த்தும் கேட்காமல் போனோமே என்று.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வாசிப்பு நின்றுவிடும். 37ஆம் அதிகாரத்தில் குழிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் நமக்குக் கேட்காது. அவனைப் போட்டார்கள், சாப்பிட உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் எழுதியிருக்கும். அவன் கெஞ்சினான் என்பதே இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, தள்ளியவர்கள் வாயிலிருந்துதான் நமக்குத் தெரியவருகிறது. அதைக் கேட்டதும் யோசேப்பு அப்பால் போய் அழுகிறான். அழுதுவிட்டுத் திரும்பி வந்து, அண்ணன்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்து அவர்கள் கண்முன்னே கட்டுவிக்கிறான். அழுகையும் கட்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. உங்கள் நிலைமையும் இப்போது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அவன் செய்வது ஒரு சோதனை. கடைசித் தம்பி பென்யமீனை வரவழைக்கிறான். யோசேப்பைப் போலவே அவனும் ராகேலின் மகன், அவனும் அப்பாவின் செல்லம். விருந்தில் அவனுக்கு மட்டும் ஐந்து மடங்கு பரிமாறச் சொல்கிறான். பொறாமை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்து வைத்துத் திருட்டுப்பட்டம் கட்டி, "இவன் எனக்கு அடிமையாக இருக்கட்டும், நீங்கள் போகலாம்" என்கிறான். தோத்தானில் நடந்தது அப்படியே மறுபடி. தம்பியை எகிப்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், இந்த முறை பழிகூட வராது. அன்றைக்கு "விற்றுவிடலாம்" என்று யோசனை சொன்ன அதே யூதா முன்னால் வந்து, "பையனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்கிறான். அதே தப்பைச் செய்ய மறுபடி வாய்ப்புக் கிடைத்தும் செய்யாமல் இருப்பதே முழுமையான மனந்திரும்புதல் என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். யூதா செய்தது அதைத்தான். அதன் பிறகுதான் 45ஆம் அதிகாரம்.

அங்கேயும் யோசேப்பு நடந்ததை மூடி மறைக்கவில்லை. நான்தான் யோசேப்பு என்று சொல்கிற வாயாலேயே, நீங்கள் விற்றுப்போட்டவன் என்றும் சொல்கிறான். 17 வருஷம் கழித்து தகப்பன் யாக்கோபு இறந்ததும் அண்ணன்களுக்கு மறுபடி பயம் வந்து, காலில் விழுகிறார்கள். அப்போதும் "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று நேராகவே சொல்கிறான். தேவன் அதை நன்மையாக முடித்தார் என்பது அதற்கு அடுத்த பேச்சு. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்கிறான்: "நான் தேவனா?" தண்டிக்கிற நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறான். அவன் விட்டுக்கொடுத்தது அதை மட்டும்தான்.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆபிரகாமிடமும் ஈசாக்கிடமும் யாக்கோபிடமும் தேவன் பேசுகிறார். யோசேப்பிடம் நேரடியாக ஒருமுறைகூடப் பேசுவதாக ஆதியாகமத்தில் இல்லை. கர்த்தர் அவனோடே இருந்தார் என்று கதை நமக்குச் சொல்கிறது, எகிப்தில் பொய்ப்பழியால் அடைபட்டுக் கிடந்த சிறையில் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியும் கூடச் சிறையிலிருந்த, பார்வோனின் பானபாத்திரக்காரரின் தலைவன் ஒரு காலையில் முகம் வாடியிருப்பதைக் கவனித்து, என்ன விஷயம் என்று விசாரிக்கிறான். அதே ஆளிடம், "என்னைத் திருடிக்கொண்டு வந்தார்கள், இங்கேயும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை, பார்வோனிடம் சொல்லு" என்று முறையிடவும் செய்கிறான். தனக்கு நடந்த அநியாயத்தை வாய்விட்டுச் சொன்னதற்காக அவனை விசுவாசம் குறைந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. (அவன் அப்பழுக்கற்றவன் என்றும் சொல்ல மாட்டேன். பஞ்சத்தில் எகிப்தியரின் ஆடுமாடு, நிலம், கடைசியில் அவர்களையே பார்வோனுக்காக வாங்கியவன் அவன். 47ஆம் அதிகாரம். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

உங்கள் அண்ணன்கள் இன்னும் "தப்புச் செய்துவிட்டோம்" என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குள் கட்டிப்பிடிக்க முடியவில்லையே என்று நீங்கள் ஏன் குன்றிப்போக வேண்டும்? கல்யாணப் பெண் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. மனம் வந்தால் அத்தையாகப் போய் வாழ்த்திவிட்டு வாருங்கள். வராவிட்டால் மொய்யைக் கொடுத்தனுப்புங்கள், போதும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். அப்பா உயில் எழுதி வைக்கவில்லை என்றால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்குதான். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய, அது தெரியவந்ததிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததே போன வருஷம்தான் என்கிறீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் நகலுக்கு எழுதிக்கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.