தாய்க்கு ஹெபடைடிஸ் பி: குழந்தையை எப்படிக் காப்பது?

கேள்வி: எனக்கு நான்காவது மாதம், முதல் குழந்தை. ரத்தப் பரிசோதனையில் எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை ரத்த தானம் செய்யப் போனபோதும் இதையே சொன்னார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். கருவைக் கலைத்துவிடலாமா என்றும் பேசுகிறார்கள். குழந்தைக்கு என்ன ஆகும்? தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் மற்றவர்களுடையதோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ் என்றால் உடம்பில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். இந்த வைரஸ் சாப்பாட்டாலோ தொட்டுப் பழகுவதாலோ பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவைதான் அதன் வழிகள். டூத்பிரஷ், பிளேடு, நகவெட்டி மட்டும் உங்களுக்கெனத் தனியாக இருக்கட்டும். கருவைக் கலைக்க இதில் ஒரு காரணமும் இல்லை. இந்த வைரஸால் குழந்தைக்கு ஊனம் ஏற்படுவதில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் ரத்தத்தில் நீடித்தால் அது நாட்பட்ட தொற்று. உங்களுடையது அந்த வகைதான். கல்லீரல் நன்றாக இருக்கும் பெண்களுக்குக் கர்ப்பகாலம் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே போகும். கர்ப்பகால சர்க்கரையும் குறைமாதப் பிரசவமும் சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில அப்படிச் சொல்லவில்லை. சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், அது போதும். கல்லீரல் சுருங்கியிருந்தால் (சிரோசிஸ்) கதை வேறு. அப்போது ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, பெரிய மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும். கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன் மூன்றையும் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

உண்மையில் நாம் கவலைப்பட வேண்டியது பிரசவ நேரத்தைப் பற்றி. பெரியவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் தானாகவே குணமாகிவிடும். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பல வருடம் கழித்து அதுவே சிரோசிஸாகவோ புற்றுநோயாகவோ மாறலாம். தாய்க்கு இ-ஆன்டிஜனும் (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் அடையாளம்) பாசிட்டிவாக இருந்து, குழந்தைக்கு ஒரு பாதுகாப்பும் தராவிட்டால், தொற்றும் வாய்ப்பு 70 முதல் 90 சதவீதம் வரை போகும்.

தடுக்க வழி இருக்கிறது. குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்) ஊசி. எடை இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தாலும் இரண்டும் போட வேண்டும். அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் (ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி). இம்யூனோகுளோபுலின் எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பில் இருக்காது. விலையும் அதிகம். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தர ஏற்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் வலி வந்தால் ஊசிக்கு அலைய முடியாது, அதனால் முன்பே விசாரித்து வையுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவீர்கள். மருத்துவமனை மாறும், மருத்துவர் மாறுவார், ரிப்போர்ட் மட்டும் பழைய ஃபைலிலேயே தங்கிவிடும். பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு விஷயமே தெரியாமல் போகும். ஆகவே தாய் சேய் நல அட்டையின் முன்பக்கத்திலேயே பெரிதாக எழுதி வாங்குங்கள். அட்மிட் ஆகும்போது நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள், கூட வருபவரையும் சொல்லச் சொல்லுங்கள்.

ஆறாம் மாதம் முடிவதற்குள் வைரஸ் அளவையும் பார்த்துவிடுங்கள். அது மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஊசிகள் மட்டும் போதாமல் போகலாம். 28வது வாரத்திலிருந்து வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோபோவிர் மாத்திரை தினம் ஒன்று தருவார்கள். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்துதான், பயம் வேண்டாம். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கீழாநெல்லி சாப்பிடலாமா என்றும் யாராவது சொல்வார்கள். 1988ல் சென்னை ஆய்வாளர்கள் அது பலன் தருவதாக லான்செட் இதழில் எழுதியது உண்மை. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கர்ப்பத்தில் வேண்டாம்.

இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. குழந்தைக்கு ஊசிகள் போட்டாயிற்று என்றால் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், டெனோபோவிர் சாப்பிட்டாலும் கூட. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் ஆறும்வரை அந்தப் பக்கம் மட்டும் கொடுக்காமல், பாலைப் பீய்ச்சி வெளியேற்றிவிடுங்கள்.

பிரசவத்துக்குப் பின் சிலருக்குக் கல்லீரல் அழற்சி திடீரென்று கூடும். ஆறு மாதம் வரை இடையிடையே கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். கணவரும் இப்போதே பரிசோதித்து, தொற்றோ எதிர்ப்புச் சக்தியோ இல்லையென்றால் மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் எச்.பி.எஸ்.ஏ.ஜி, எதிர்ப்பொருள் அளவு இரண்டையும் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் இம்யூனோகுளோபுலினின் மிச்சம் முடிவைக் குழப்பிவிடும்.